புது வேட்டை ரைஃபிள் சிதறிச் சுடுகிறதா? குழலைக் குறை சொல்லும் முன் எதை எந்த வரிசையில் பார்ப்பது

புது ரைஃபிளை வாங்கி ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) மாட்டி 100 மீட்டரில் சுட்டால் குண்டுகள் ஒரு சாண் அகலத்துக்குச் சிதறி விழுகின்றன. உடனே பெரும்பாலோர் செய்வது மூன்று காரியம்: ஸ்கோப் குமிழைத் திருகுவது, வேறு தோட்டா வாங்குவது, கடைசியில் குழலே சரியில்லை என்று முடிவு கட்டுவது. சுடுதளத்தில் புதியவர்களுக்கு உதவி செய்து நான் பார்த்தவரை, குழல் நிஜமாகவே கெட்டுப்போனதாக இருப்பது அரிது. தளர்ந்த திருகு, பெஞ்சில் தப்பான பிடி, அந்தக் குழலுக்கு ஒத்துவராத தோட்டா, இந்த மூன்றில்தான் பெரும்பாலான கோளாறு முடிகிறது.

கீழே இருக்கும் வரிசை காரணத்தோடு போட்டது. செலவில்லாத, திரும்ப மாற்றிக்கொள்ளக்கூடிய வேலைகள் முதலில் வரும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். திருகையும் முறுக்கி, தோட்டாவையும் மாற்றி, ஸ்கோப்பையும் மாற்றிவிட்டுச் சுட்டால், குரூப் (ஒரே புள்ளிக்குச் சுட்ட குண்டுகளின் கூட்டம், அதன் அகலம்) சுருங்கினாலும் எதனால் சுருங்கியது என்று தெரியாது. அடுத்த முறை அதே கோளாறு வந்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

1. சிதறலா, இடம் தள்ளி விழுவதா?

ஐந்து குண்டும் நெருக்கமாக விழுந்து, ஆனால் குறிவைத்த புள்ளிக்கு ஒரு பக்கமாக இருந்தால் ரைஃபிளில் கோளாறு இல்லை. ஸ்கோப்பைச் சரிக்கட்ட வேண்டும், அவ்வளவுதான். குண்டுகள் ஒன்றுக்கொன்று விலகி விழுந்தால்தான் இந்த வழிகாட்டி வேண்டும். சிதறல் இருக்கும்போது குமிழைத் திருகுவது வீண், ஏனென்றால் ஒவ்வொரு தடவையும் ஓடுகிற புள்ளியைத் துரத்துகிறீர்கள்.

அளவையும் தெரிந்துகொள்ளுங்கள். 1 எம்ஓஏ (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கான கோண அளவு) என்பது 100 மீட்டரில் சுமார் 2.9 செ.மீ. சாதாரண வேட்டை ரைஃபிள், கடையில் வாங்கும் தோட்டாவோடு 3 முதல் 4.5 செ.மீ. வரை குரூப் போட்டால் அது நன்றாகவே சுடுகிறது. 6 செ.மீ. தாண்டினால் பார்க்கலாம். 9, 10 செ.மீ. என்றால் எங்கோ கோளாறு இருக்கிறது.

மூன்று குண்டு குரூப்பை வைத்து ரொம்பச் சந்தோஷப்படவும் வேண்டாம், ரொம்பக் கவலைப்படவும் வேண்டாம். அதே ரைஃபிள், அதே தோட்டா, அதே கை என்றாலும் ஐந்து குண்டு குரூப் சராசரியாக மூன்று குண்டு குரூப்பைவிடக் கால் பங்கு பெரிதாகவும், பத்து குண்டு குரூப் ஒன்றரை மடங்குக்குச் சற்று மேலாகவும் வரும். இது கணக்கின் இயல்பு, துப்பாக்கியின் குறை இல்லை. ஒப்பிடும்போது எப்போதும் ஒரே எண்ணிக்கையில் சுடுங்கள். நான் ஐந்து குண்டையே வைத்துக்கொள்வேன்.

2. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

டார்க் ரெஞ்ச் (முறுக்கும் அளவைக் காட்டும் திருகி) ஒன்று, உங்கள் திருகுகளுக்குச் சரியாகப் பொருந்தும் முனைகளோடு. முன்னும் பின்னும் வைக்க இரண்டு மணல் பைகள். மேலுறை பூசிய ஒரே துண்டு துடைப்புக் கம்பி, துணித் துண்டுகள், கரைப்பான். ஒரே லாட் எண் (ஒரே தயாரிப்புத் தொகுதி) கொண்ட தோட்டா இரண்டு பெட்டி. கட்டம் போட்ட இலக்கு அட்டைகள், ஒரு நோட்டுப் புத்தகம். ரைஃபிளோடு வந்த கையேட்டையும் ஸ்கோப் மவுண்டோடு வந்த தாளையும் தூக்கிப் போட்டிருந்தால் தேடி எடுங்கள், கீழே பல இடத்தில் அது வேண்டும்.

காதுக்கும் கண்ணுக்கும் பாதுகாப்பு போட்டே ஆக வேண்டும். அனுமதி பெற்ற, பின்னால் மண்மேடு உள்ள சுடுதளத்தில் மட்டுமே சுடுங்கள். திருகிலோ குழலிலோ கை வைக்கும் ஒவ்வொரு முறையும் மேகசினைக் கழற்றி, போல்ட்டை (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் உருளை) வெளியே எடுத்து, அறையில் (குழலில் தோட்டா உட்காரும் பின்பகுதி) தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

3. சுடுவதற்கு முன்பே குழலைத் துடையுங்கள்

புதுக் குழலுக்குள் துருப்பிடிக்காமல் இருக்கத் தடவிய எண்ணெய் இருக்கும், பெட்டியிலிருந்து வந்த தூசி இருக்கும், தொழிற்சாலையில் சோதனைக்குச் சுட்ட கரியும் இருக்கலாம். எண்ணெய் பூசிய குழலிலிருந்து போகும் முதல் குண்டு மற்றவற்றோடு சேர்ந்து விழாது. அதையும் குரூப்பில் சேர்த்து அளந்துவிட்டுக் குழம்புகிறவர்கள் நிறைய.

கரைப்பான் நனைத்த துணியை அறைப் பக்கத்திலிருந்து வாய்ப் பக்கமாகத் தள்ளுங்கள், கடைசியில் உலர்ந்த துணி சுத்தமாக வரும்வரை. வாய்ப் பக்கத்திலிருந்து கம்பியை நுழைக்க வேண்டாம். குண்டு குழலை விட்டு வெளியேறும் கடைசிப் புள்ளி அந்த விளிம்புதான், அதைக் கம்பி உரசித் தேய்த்துவிட்டால் திரும்பச் சரிசெய்ய ஆயுதக் கம்மியரிடம்தான் போக வேண்டும்.

புதுக் குழலைப் பழக்க ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு தடவை துடைக்க வேண்டும் என்று நீளமான சடங்குகள் சொல்வார்கள். வேட்டை ரைஃபிளுக்கு அதில் நேரம் போட வேண்டாம் என்பது என் கருத்து. நன்றாகத் துடைத்துவிட்டு முதல் சில குண்டுகளைக் கணக்கில் எடுக்காமல் சுட்டு விடுங்கள், போதும்.

4. ஆக்ஷன் திருகுகள்

ஆக்ஷனை (போல்ட் ஓடும், குழல் பொருந்தும் உலோகப் பகுதி) ஸ்டாக்கோடு (கையில் பிடிக்கும் மர அல்லது பிளாஸ்டிக் உடல்) பிணைக்கும் இரண்டு அல்லது மூன்று திருகுகள் கீழே இருக்கும். பெட்டியிலிருந்து எடுத்த ரைஃபிளில் இவை தளர்ந்திருப்பது சகஜம். தளர்ந்திருந்தால் ஒவ்வொரு பின்னுதைப்பிலும் ஆக்ஷன் கொஞ்சம் நகர்ந்து வேறு இடத்தில் உட்காரும், குண்டும் வேறு இடத்தில் விழும்.

முறுக்கும் ஒழுங்கு முக்கியம். எல்லாத் திருகையும் தளர்த்திவிட்டு ரைஃபிளை அடிக்கட்டை தரையில் ஊன்ற நிமிர்த்தி வையுங்கள். அப்போது ஆக்ஷன் தன் எடையிலேயே கீழிறங்கி, பின்னுதைப்பைத் தாங்கும் காது ஸ்டாக்கில் தன் இடத்தில் ஒட்டி உட்காரும். அந்த நிலையிலேயே முன் திருகைக் கையால் இறுக்கி, பின் திருகை இறுக்கி, அப்புறம் டார்க் ரெஞ்சால் முதலில் முன்னதையும் பிறகு பின்னதையும் முழு அளவுக்குக் கொண்டுவாருங்கள். நடுவில் மூன்றாவது திருகு இருந்தால் அது பெரும்பாலும் சும்மா பிடித்து நிற்கத்தான், அதை ஓங்கி முறுக்கினால் ஆக்ஷன் நடுவில் வளையும்.

எவ்வளவு முறுக்க வேண்டும் என்பதைக் கையேடு சொல்லும். மர ஸ்டாக்குக்குப் பெரும்பாலும் 4, 5 நியூட்டன் மீட்டர் அளவிலும், உள்ளே அலுமினியக் கட்டை பதித்த ஸ்டாக்குக்கு 7 வரையிலும் வரும். மரம் ஈரப்பதத்தால் ஊதிச் சுருங்கும், அதனால் பருவம் மாறும்போது மறுபடி பாருங்கள்.

இதோடு இன்னொரு சோதனையும் செய்துவிடுங்கள். ஸ்டாக்கின் முன்நுனியும் குழலும் சந்திக்கும் இடத்தில் ஒரு விரலை இரண்டையும் தொட்டபடி வைத்துக்கொண்டு, முன் திருகை மெல்லத் தளர்த்துங்கள், திரும்ப இறுக்குங்கள். விரலுக்கு அசைவு தெரிந்தால் ஆக்ஷன் சமதளத்தில் உட்காரவில்லை, திருகு அதை வளைத்துப் பிடித்திருக்கிறது. சில ரைஃபிள்களில் உள்ளே இருக்கும் தகர மேகசின் பெட்டி ஆக்ஷனுக்கும் அடித்தட்டுக்கும் நடுவில் நசுங்கி நின்று இதைச் செய்யும். எல்லாம் இறுக்கிய பிறகும் அந்தப் பெட்டி மேலும் கீழும் துளி ஆட வேண்டும். ஆடவில்லை என்றால் காரணம் கிடைத்துவிட்டது.

5. ஸ்கோப் மவுண்ட்

ஸ்கோப்பைப் பிடிக்கும் வளையத்தை மட்டும் இறுக்கிவிட்டு, அதை ஆக்ஷனோடு இணைக்கும் அடித்துண்டான பேஸை மறந்துவிடுகிறார்கள். வளையத்தைக் கழற்றினால்தான் பேஸ் திருகு கண்ணில் படும் என்பதால் அந்த வேலையைத் தள்ளிப்போடுவார்கள். கழற்றிப் பாருங்கள். நான் முதலில் சந்தேகப்படும் இடம் இதுதான்.

பேஸ் திருகுகளை எடுத்து, துளையிலும் மரையிலும் உள்ள எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்து, கழற்றக்கூடிய வகை மரைப் பசை ஒரு சொட்டு வைத்து, தாளில் சொன்ன அளவுக்கு இறுக்குங்கள். முன்பேஸின் முன்திருகு நீளமாக இருந்தால் அடியில் குழல் மரையிலோ போல்ட் காதிலோ போய் முட்டும். திருகு இறுகிவிட்டது போல் கைக்குத் தெரியும், ஆனால் பேஸ் பிடித்திருக்காது. அந்தத் திருகை இறுக்கியதும் போல்ட் கனமாக மூடுகிறது என்றால் இதுதான். திருகுகளை இடம் மாற்றிப் போட்டிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள்.

வளையத் திருகுகள் பெரும்பாலும் 1.7 முதல் 2.3 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும், உலர்ந்த மரையில். எண்ணெயோ பசையோ போட்டால் உராய்வு குறைந்து, ரெஞ்ச் அதே எண்ணைக் காட்டினாலும் வளையம் அதைவிட அதிகமாக நெரிக்கும், ஸ்கோப் குழாய் பள்ளம் விழும். இரண்டு பக்க இடைவெளியும் சமமாக வரும்படி மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். குழாயின் மேல் வளையத்தை ஒட்டி ஒரு பென்சில் கோடு போட்டு வைத்தால், சுட்டபின் ஸ்கோப் வழுக்கியதா என்று பார்த்த உடனே தெரிந்துவிடும்.

6. குழல் ஸ்டாக்கைத் தொடுகிறதா

தாள் ஒன்றை மடித்துக் குழலுக்கும் ஸ்டாக்குக்கும் நடுவில் நுழைத்து ஆக்ஷன் வரை இழுங்கள். தடையில்லாமல் போக வேண்டும். ஆனால் கையில் சும்மா பிடித்துப் பார்த்தால் போதாது. மெல்லிய பிளாஸ்டிக் ஸ்டாக், மணல் பையில் வைத்து மேலே சாய்ந்ததும் வளைந்து குழலைத் தொடும். சுடும் நிலையில் வைத்து, நீங்கள் சாய்ந்திருக்கும்போது வேறு ஒருவரைத் தாளை இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ரைஃபிள் காலியாக, போல்ட் வெளியே எடுத்தபடி.

ஒரு எச்சரிக்கை: சில ரைஃபிள்களில் முன்நுனிக்கு அருகே ஒரு மேடு குழலைத் தாங்கும்படி வேண்டுமென்றே செய்திருப்பார்கள். சீரான, இரு பக்கமும் சமமான மேடு என்றால் உடனே உப்புத்தாளை எடுத்துத் தேய்க்க வேண்டாம். கையேட்டைப் பாருங்கள், அல்லது கடைசியாக முயன்று பாருங்கள். தேய்த்ததைத் திரும்ப ஒட்ட முடியாது.

7. பெஞ்சில் உட்காரும் விதம்

வேட்டை ரைஃபிள் இலேசானது, பின்னுதைப்பு பலமானது. கனமான இலக்கு ரைஃபிள் மன்னிக்கிற பிழைகளை இது மன்னிக்காது. அனுபவமுள்ளவர்களும் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

முன்பை ஸ்டாக்கின் அடியில் இருக்க வேண்டும், குழலின் அடியில் ஒருபோதும் கூடாது. குழலைப் பையில் சாய்த்தால் ஒவ்வொரு குண்டுக்கும் அழுத்தம் மாறும். பட்டை மாட்டும் கொக்கி பையில் தட்டாதபடி முன்னால் தள்ளி வையுங்கள், தட்டினால் ரைஃபிள் பின்வாங்கும்போது துள்ளும். பெஞ்ச் மரத்தின் மேலோ கட்டைச் சுவரின் மேலோ நேராக வைத்துச் சுட்டால் குண்டு வழக்கத்தைவிட மேலே போகும்.

பின்பையைப் பிசைந்து உயரத்தைச் சரிசெய்யுங்கள். கண்ணை மூடி, மூச்சு விட்டு, திறந்து பார்க்கும்போது குறிக்கம்பிகள் தானாகவே புள்ளியின் மேல் இருக்க வேண்டும். தோளால் தள்ளியோ கையால் இழுத்தோ அவற்றைப் புள்ளிக்குக் கொண்டுவந்தால், விசை விழும் நொடியில் அந்த இழுப்பு விடுபட்டு ரைஃபிள் தன் இடத்துக்குத் திரும்பும்.

கன்னம் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் படட்டும். ஸ்கோப்புக்கு நேர் நடுவில் கண் இல்லாவிட்டால், இலக்கு கிடக்கும் தூரத்துக்கும் ஸ்கோப் சீரமைத்த தூரத்துக்கும் உள்ள வித்தியாசத்தால் குறிக்கம்பி நகர்ந்து தெரியும். தலையை இலேசாக மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். குறிக்கம்பி புள்ளியை விட்டு ஓடினால் தூரத்தைச் சீரமைக்கும் பக்கக் குமிழால் சரிசெய்யுங்கள். குமிழே இல்லாத ஸ்கோப் பெரும்பாலும் 100 கெஜத்துக்கு நிலையாக வைத்ததாக இருக்கும், சிறு ரக .22 தோட்டாவுக்கான ஸ்கோப் 50 கெஜத்துக்கு.

அப்புறம் சுளிப்பு. வெடிக்கும் என்று எதிர்பார்த்து உடம்பு ஒரு கணம் முன்பே இறுகிவிடும், உங்களுக்கே தெரியாது. நண்பர் ஒருவர் நீங்கள் பார்க்காமல் சில தடவை நிஜத் தோட்டாவும் சில தடவை டம்மித் தோட்டாவும் போட்டுக் கொடுக்கட்டும். டம்மி விழும்போது குழல் வாய் கீழே குதித்தால் சிதறலின் பெரும்பங்கு அங்கேதான். வெட்கப்பட ஒன்றுமில்லை, பலமான தோட்டா எல்லோருக்கும் இதைச் செய்யும். தோளுக்கு ஒரு திண்டு, காதுக்கு இரட்டைப் பாதுகாப்பு, வீட்டில் டம்மித் தோட்டாவோடு விசைப் பயிற்சி, ஒரு அமர்வுக்கு இருபது குண்டுக்கு மேல் போகாமல் இருப்பது, இவை நிஜமாகவே உதவும். முடிந்தால் நன்றாகச் சுடத் தெரிந்த இன்னொருவரிடம் அதே ரைஃபிளைக் கொடுத்து ஒரு குரூப் போடச் சொல்லுங்கள். அவர் கையில் சுருங்கினால் பாதி வேலை முடிந்தது.

8. சூடு ஆற விடுங்கள்

வேட்டை ரைஃபிளின் குழல் மெல்லியது, சில குண்டிலேயே நன்றாகச் சூடாகிவிடும். சூடேறியதும் உலோகத்தில் தங்கியிருந்த இறுக்கம் குழலைத் துளி வளைக்கும், ஸ்டாக்கைத் தொடும் இடம் இருந்தால் இன்னும் மோசம். குண்டுக்கு ஒரு நிமிடமாவது இடைவெளி விடுங்கள், ஐந்து முடிந்ததும் போல்ட்டைத் திறந்து வைத்து, குழல் கையில் குளிரும்வரை காத்திருங்கள்.

வேட்டையில் முக்கியமானது குளிர்ந்த குழலின் முதல் குண்டு. அதனால் ஒரு தனி அட்டை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறை சுடுதளம் போகும்போதும் முதல் குண்டை மட்டும் அதில் சுடுங்கள். அந்த அட்டையில் விழும் கூட்டம்தான் உங்கள் ரைஃபிளின் உண்மையான திறமை. சூடான குழலின் ஐந்தாவது குண்டு விலகினாலும் இந்த அட்டை நெருக்கமாக இருந்தால் அந்த ரைஃபிளோடு நிம்மதியாக வேட்டைக்குப் போகலாம்.

9. குரூப்பின் வடிவம் என்ன சொல்கிறது

நிச்சயமான தீர்ப்பு இல்லை, ஆனால் எங்கே தேடுவது என்று காட்டும். குண்டுகள் மேலும் கீழுமாக வரிசை கட்டினால் சூடு, ஸ்டாக் தொடுவது, பையில் வைக்கும் இடம் மாறுவது, தோட்டாவின் வேகம் சீராக இல்லாதது. இடவலமாக நீண்டால் காற்று, அல்லது விசையைப் பக்கவாட்டில் இழுப்பது. மணிக்கு 16 கி.மீ. குறுக்குக் காற்று .308 வின்செஸ்டர் குண்டை 100 மீட்டரில் சுமார் 2 செ.மீ. தள்ளும், அது குரூப்பின் பாதி. இரண்டு தனித்தனி நெருக்கமான கூட்டம் விழுந்தால் ஏதோ ஒன்று இரண்டு நிலைகளுக்கு இடையே தாவுகிறது: 4, 5 பகுதிகளுக்குத் திரும்பிப் போங்கள்.

ஓட்டை வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாகக் கிழிந்திருந்தால் குண்டு பறக்கும்போதே தடுமாறுகிறது. அது அடுத்த பகுதியின் விஷயம்.

10. தோட்டாவை மாற்றிப் பார்ப்பது

மேலே எல்லாம் முடிந்த பிறகே இங்கே வாருங்கள். குழலில் முத்திரையிட்ட ரகம் எதுவோ அதே ரகத் தோட்டா மட்டுமே, இதில் சமாதானமே இல்லை. அந்த ரகத்துக்குள் வெவ்வேறு குண்டு எடை, வெவ்வேறு தயாரிப்பு என மூன்று நான்கு வகை எடுங்கள். ஒரே குழல் ஒரு தோட்டாவோடு 7 செ.மீ., இன்னொன்றோடு 3 செ.மீ. போடுவது சாதாரணம். விலை அதிகமானதுதான் நெருக்கமாக விழும் என்ற விதியும் இல்லை.

குழலின் சுழற்சி வேகத்தைப் பாருங்கள். 1:12 என்றால் 12 அங்குலத்தில் குண்டு ஒரு சுற்று சுற்றும். .223 ரெமிங்டன் ரகத்தில் 1:12 குழல் 55 கிரெய்ன் (குண்டின் எடையைச் சொல்லும் அலகு) குண்டை அழகாகச் சுடும், 77 கிரெய்ன் குண்டை நிலைநிறுத்தாது, அதற்கு 1:8 போன்ற வேகமான சுழற்சி வேண்டும். நிஜத்தில் கணக்கு எடையில் இல்லை, குண்டின் நீளத்தில். ஈயம் இல்லாத செம்புக் குண்டு அதே எடையில் ஈயக் குண்டைவிட நீளமாக இருக்கும், அதனால் சுழற்சி போதாமல் போகலாம். அங்கே ஒரு படி எடை குறைந்த செம்புக் குண்டை எடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஒரு வகையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது முதல் இரண்டு மூன்று குண்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள், முந்தைய வகை விட்டுப்போன படிவு அதுவரை குழலில் இருக்கும். சுடும்போது ஒரு வெடிச் சத்தம் வழக்கத்தைவிட மந்தமாக வந்தால் உடனே நிறுத்தி, போல்ட்டை எடுத்துக் குழல் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அடைத்த குழலில் அடுத்த குண்டு போனால் துப்பாக்கி வெடிக்கும்.

11. ஸ்கோப்பின் உள்ளே கோளாறா?

எளிய வழி: நன்றாகச் சுடும் வேறு ரைஃபிளிலிருந்து ஒரு ஸ்கோப்பை இரவல் வாங்கி இதில் மாட்டுங்கள். குரூப் சுருங்கினால் பழைய ஸ்கோப்தான் குற்றவாளி.

இரவல் கிடைக்காவிட்டால் சதுரச் சோதனை. ஒரே புள்ளியைக் குறிவைத்து ஒரு குண்டு சுட்டு, குமிழை வலப்பக்கம் 20 கிளிக், அடுத்த குண்டுக்குக் கீழே 20, பிறகு இடப்பக்கம் 20, பிறகு மேலே 20. கால் எம்ஓஏ கிளிக் 100 மீட்டரில் சுமார் 7 மி.மீ. நகர்த்தும், 0.1 மில் (இன்னொரு கோண அளவு) கிளிக் 1 செ.மீ. ஐந்தாவது குண்டு முதல் குண்டின் பக்கத்தில் விழ வேண்டும், சதுரம் சதுரமாக இருக்க வேண்டும். ரைஃபிள் பெரிதாகச் சிதறும்போது ஒற்றைக் குண்டுச் சதுரம் ஏமாற்றும், அதனால் மூலைக்கு மூன்று குண்டு சுடுங்கள்.

12. குழல் வாயும் செம்புப் படிவும்

காது குடையும் பஞ்சுக் குச்சியைக் குழல் வாய்க்குள் விட்டு, விளிம்பைச் சுற்றி மெல்ல வெளியே இழுங்கள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நூல் சிக்கினால் அங்கே பிசிறோ வெட்டோ இருக்கிறது.

ஆரம்பத்தில் நன்றாக இருந்து போகப் போகக் குரூப் விரிந்தால், குண்டிலிருந்து செம்பு குழலுக்குள் படிகிறது. புதுக் குழலின் உட்பரப்பு சொரசொரப்பாக இருந்தால் வேகமாகப் படியும். செம்புக் கரைப்பானைப் போத்தலில் எழுதிய நேரத்துக்கு மட்டும் விட்டுத் துடையுங்கள், துணி நீலமாக வருவது நின்றால் முடிந்தது. துடைப்புக் கம்பியின் பித்தளை முனையும் வெண்கலத் தூரிகையும் தாங்களே கரைந்து நீலம் காட்டும். நைலான் தூரிகையையும் நிக்கல் பூசிய முனையையும் பயன்படுத்தினால் இந்தக் குழப்பம் வராது.

13. இன்னும் சரியாகவில்லை என்றால்

இப்போதுதான் தயாரிப்பாளரிடம் திருப்பி அனுப்பலாம். அட்டைகளைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தால் அவற்றின் படத்தோடு தூரம், தோட்டா வகை, லாட் எண், திருகு அளவு எல்லாவற்றையும் எழுதிக் கொடுங்கள். "சரியாகச் சுடவில்லை" என்று மட்டும் எழுதி அனுப்பியதைவிட இதை அவர்கள் வேறு மாதிரி எடுத்துக்கொள்கிறார்கள். அவர்கள் எத்தனை குண்டுக்கு, எந்தத் தோட்டாவோடு, எவ்வளவு குரூப் என்று உறுதி தருகிறார்கள் என்பதை முன்பே கேட்டு வாங்குங்கள். உத்தரவாதம் இருக்கும்வரை ஸ்டாக்கைச் செதுக்குவது, குழல் வாயைத் தேய்ப்பது எதுவும் வேண்டாம்.

ரைஃபிள் திரும்பி வந்ததும் நேராகச் சுடப் போகாதீர்கள். அவர்கள் ஆக்ஷனைக் கழற்றியிருப்பார்கள், ஸ்கோப்பையும் கழற்றியிருக்கலாம். 3 முதல் 6 வரை மறுபடி செய்து, குரூப்பைப் பார்த்து, அதன் நடுவை அளந்து, கடைசியாக ஸ்கோப்பைச் சரிக்கட்டுங்கள்.